மூடிக்கிடக்கும் ரப்பர் ஆலையைக் கலைப்படமாக எடுப்பது எப்படி?

செம்மண் சாலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். பட்டணத்திலிருந்து காரில் பதினைந்து நிமிடம் போனால், இன்று முழுக்கச் செம்பனையாகிவிட்ட (எண்ணெய்ப்பனை) ஒரு தோட்டத்தின் நடுவே, பால்மரக் காலத்து ரப்பர் ஆலை ஒன்றும், அதை ஒட்டி ரப்பர் தாள்களைப் புகையில் காயவைத்த புகைவீடும் பூட்டிக் கிடக்கின்றன. என் பாட்டி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்த ஆலையில் வேலை செய்தவர். நான் பிறப்பதற்கு முன்பே ஆலை நின்றுவிட்டது. தோட்ட நிர்வாகத்திடம் எழுதிக் கேட்டு அனுமதி பெற்று, ஜனவரியிலிருந்து ஞாயிறுதோறும் அங்கே போய்ப் படமெடுத்து வருகிறேன். ஒரு நல்ல டிஜிட்டல் கேமரா, 24 மில்லிமீட்டர் லென்ஸ், கனமான முக்காலி ஆகியவை என்னிடம் உள்ளன. இதுவரை நானூறு படங்களுக்கு மேல் சேர்ந்துவிட்டன.

படங்கள் அழகாகத்தான் வருகின்றன, என் கவலையே அந்த அழகைப் பற்றியதுதான். துருப்பிடித்த உருளைகள், சுவரைப் பிளந்துகொண்டு ஏறிய ஆலங்கன்று, தகரக் கூரையின் ஓட்டை வழியே தூசியில் சாய்ந்து விழும் ஒளிக்கற்றை என்று எல்லாம் ஒரே மாதிரியான அழகு. சென்ற மாதம் ஈப்போவில் நண்பர்கள் சேர்ந்து நடத்திய சிறு கண்காட்சியில் ஆறு படங்களை வைத்தேன். வந்தவர்களில் ஒரு பெரியவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "நன்றாக இருக்கிறது அம்மா, ஆனால் இந்த இடிந்த கட்டடம் எந்த நாட்டில் வேண்டுமானாலும் இருக்கலாமே?" என்றார். அவர் குறை சொல்லும் தொனியில் கேட்கவில்லை. இருந்தும் எனக்குப் பதில் வரவில்லை.

அந்த ஆறில் எனக்கு மிகவும் பிடித்த படம், ஆலைக்குள் இருக்கும் நீண்ட தண்ணீர்த் தொட்டி ஒன்றைப் பற்றியது. மழைநீர் தேங்கிய தொட்டியில் கூரையின் ஓட்டையும் வானமும் தலைகீழாகத் தெரியும். தொட்டியின் பக்கச் சுவர்கள் கோடுகோடாகச் சிதைந்து கண்ணை உறுத்தியதால், அவற்றை வெட்டி நீக்கிவிட்டு நீர்ப்பரப்பை மட்டும் வைத்துக்கொண்டேன். புகைவீட்டின் பின்புறம் செங்கல் கட்டிய பள்ளம் ஒன்று இருக்கிறது, பழைய கிணறாக இருக்க வேண்டும். அதையும் எடுத்திருக்கிறேன்.

நுட்பம் தொடர்பான தொல்லைகளும் உண்டு. புகைவீட்டின் உள்ளே சுவர், கதவு, சட்டம் எல்லாம் ஒரே கறுப்பு. கருவி சொல்லும் அளவில் எடுத்தால் கறுப்பு சாம்பலாகி விடுகிறது, குறைத்து எடுத்தால் ஒன்றுமே தெரிவதில்லை. வெளியே வந்தால் சுவர்கள் பின்னோக்கிச் சாய்வதுபோல் படத்தில் விழுகின்றன. வடக்குப் பக்கத்து வெளிச்சம் நாள் முழுதும் மென்மையாக இருக்கும் என்று படித்ததை நம்பி இந்த ஜூன் மாதம் வடக்குச் சுவரையே திரும்பத் திரும்ப எடுத்தேன், ஆனால் நண்பகலில் கூரையின் நிழல் கத்திபோல் சுவரில் விழுந்திருந்தது.

இவை எல்லாவற்றையும் விட ஒரு கேள்வி என்னை அரிக்கிறது. ஜெர்மனியின் பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் இணையர் எடுத்த நீர்க்கோபுரங்களையும் ஊதுலைகளையும் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது. அவற்றில் மனித நடமாட்டம் இருக்காது. என் படங்களிலும் இல்லை. பாட்டி நின்று வேலை செய்த இடத்தை ஆளரவமற்ற இடமாகக் காட்டுவது சரிதானா, அல்லது யாரையாவது அழைத்துவந்து நிறுத்த வேண்டுமா என்று தெரியவில்லை. கறுப்பு வெள்ளையா வண்ணமா என்பதிலும் தெளிவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இருட்டறை எழுதியது:

தங்கைக்கு வணக்கம். ஈப்போவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஸ்டூடியோ வைத்திருந்தேன், இடையிடையே கட்டடக் கலைஞர்களுக்காகவும் படமெடுத்தேன். புகைவீட்டிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அதற்குத்தான் திட்டவட்டமான பதில் உண்டு.

கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்றே எண்ணிக் கணக்கிடும். புகைத்தார் படிந்த சுவரைக் காட்டினால் அதையும் சாம்பலாக்கத்தான் பார்க்கும். ஆகவே சுவரை அளந்து, அதிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு நிறுத்தங்கள் (ஒரு நிறுத்தம் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து எடுங்கள். கதவிடுக்கில் தெரியும் வெளிச்சத்துக்குத் தனியாக ஒன்று, பிறகு இரண்டிரண்டு நிறுத்தமாகக் கூட்டி நான்கைந்து என்று எடுத்து வைத்துக்கொண்டு, பின்னர் இரண்டை மட்டும் அளவாக இணைத்தால் போதும். எல்லாவற்றையும் கணினியில் ஒன்றாகக் கொட்டிக் கிளறி, இருட்டில் உள்ள ஆணித்தலை கூடப் பளிச்சென்று தெரியும்படி செய்யும் வழக்கம் இப்போது பெருகிவிட்டது. கல்யாண மண்டபத்து விளக்கலங்காரம் போல இருக்கும் அந்தப் படங்களைப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. இருட்டான அறை இருட்டாகத்தான் இருக்க வேண்டும். தார் படிந்த சுவரின் வடிவம் அதன் மினுமினுப்பில் தெரிகிறது, எனவே வெளிச்சத்தைக் கூட்டுவதை விட்டுவிட்டு அது வரும் திசையை மாற்றுங்கள். பக்கவாட்டுக் கதவு ஒன்றை ஒரு கையளவு மட்டும் திறந்து வைத்து, வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு போகும்படி செய்யுங்கள். ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளை எஃப் 8 அல்லது 11 என்று வைத்து, ஷட்டரை அரை நிமிடமோ அதற்கு மேலோ திறந்து வைக்கலாம். எஃப் 16க்கு மேல் மூடினால் கூர்மை குறையத் தொடங்கும்.

குளிரூட்டிய காரிலிருந்து கேமராவை எடுத்தவுடன் லென்ஸில் ஆவி படியும். பைக்குள்ளேயே வைத்து, வெளிக்காற்றின் சூட்டுக்கு அது வரும்வரை காத்திருங்கள். நம் ஊர் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்க ஒரு மழைக்காலம் போதும்.

சாயும் சுவர்களுக்கு வருவோம். கேமராவை அண்ணாந்து பார்க்க வைத்தால் செங்குத்துக் கோடுகள் உச்சியில் ஒன்றையொன்று நெருங்கும், கட்டடம் மல்லாந்து விழுவதுபோல் தோன்றும். கேமராவின் முதுகு சுவருக்கு இணையாக நிமிர்ந்து நின்றால் இது நேராது. அப்படி நிறுத்தும்போது கூரை வெட்டுப்பட்டால், லென்ஸை மட்டும் மேலே நகர்த்தும் வசதியுள்ள லென்ஸ் வேண்டும். சிறிய ஃபிலிம் கேமராக்களுக்கு அப்படிப்பட்ட முதல் லென்ஸை நிக்கான் 1962இல் வெளியிட்டது, இன்றும் அவை விலை கூடியவைதான். வாங்க முடியாவிட்டால் நன்றாகப் பின்வாங்கி நின்று, தரையை அதிகமாகச் சேர்த்து எடுத்துவிட்டுக் கீழ்ப்பகுதியை வெட்டுங்கள். அல்லது பெக்கர் இணையர் செய்ததுபோல் ஏணியில் ஏறுங்கள். கட்டடத்தின் பாதி உயரத்துக்குக் கண்மட்டத்தைக் கொண்டுபோய், மேகம் மூடிய நாளில், நிழலே விழாத வெளிச்சத்தில், பெரிய அளவு ஃபிலிம் போடும் கேமராவில் அவர்கள் எடுத்தார்கள்.

இனி உங்கள் பெரிய கேள்வி. ஆளில்லாத தொழிற்சாலைப் படம் பெக்கர் இணையரோடு தொடங்கியதில்லை. 1927இல் அமெரிக்காவில் ரிவர் ரூஜ் என்ற ஃபோர்டு கார் ஆலையைச் சார்லஸ் ஷீலர் என்ற படக்கலைஞர் படமெடுத்தார். ஆயிரமாயிரம் பேர் வேலை செய்துகொண்டிருந்த ஆலை அது, ஆனால் குறுக்கும் நெடுக்குமாகப் பாயும் அந்தக் கன்வேயர் பாலங்களையும் புகைபோக்கிகளையும் பார்த்தால் அவை தாமே இயங்குவதுபோல் இருக்கும். விளம்பரத்துக்காக எடுத்த படங்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பெக்கர் இணையர் 1959இலிருந்து சேர்ந்து வேலை செய்தார்கள். அவர்கள் எடுத்தவற்றிலும் பல அப்போது இயங்கிக்கொண்டிருந்தவை. ஆக, அந்த இரு இடங்களிலும் ஆட்கள் இருந்தார்கள், படமெடுத்தவர்கள் அவர்களைப் படச் சட்டகத்துக்கு வெளியே நிறுத்தினார்கள். உங்கள் ஆலையில் ஆட்களை வெளியே அனுப்பியவர் நீங்கள் இல்லை. அவர்கள் போய்ப் பல ஆண்டுகள் ஆன பிறகு நீங்கள் போகிறீர்கள். எனவே ஷீலர், பெக்கர் படங்களின் வெறுமையை அப்படியே எடுத்துப் போர்த்திக்கொண்டால், ஏற்கெனவே காலியான வீட்டை இன்னொரு முறை காலி செய்வதாகும்.

பெக்கர் இணையரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது வேறு ஒன்று. அவர்கள் கட்டடங்களை முதலில் பயனை வைத்து வகைப்படுத்தினார்கள்: நீர்க்கோபுரம் தனி, எரிவாயுக் கொள்கலன் தனி, சுரங்கத்தின் தூக்குக் கோபுரம் தனி. ஒரே வகையில் ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து என்று அடுக்கி மாட்டும்போதுதான், ஒன்றுபோல் தெரிபவை எங்கெங்கே வேறுபடுகின்றன என்று கண் தேடத் தொடங்கும். 1990இல் வெனிஸ் கலைவிழாவில் சிற்பத்துக்கான தங்கச் சிங்க விருதைப் புகைப்படக்காரர்களான அவர்களுக்குக் கொடுத்தார்கள் என்றால், அந்த அடுக்கின் பலத்தை எண்ணிப் பாருங்கள். பேராக்கில் இன்னும் நிற்கும் புகைவீடுகளைத் தேடி, ஒரே தொலைவில், ஒரே உயரத்தில், ஒரே மேகமூட்டத்தில் ஒன்பதை எடுங்கள். கறுப்பு வெள்ளையிலேயே எடுங்கள். வண்ணத்தில் எடுத்தால் செடிகொடியின் பச்சைதான் கண்ணைப் பிடித்துக்கொள்ளும், கட்டடம் பின்னால் போய்விடும்.

கிந்தாக்கரை எழுதியது:

பெரிய இயந்திரத்தைச் சட்டத்துக்குள் அடக்கிப் பழக விரும்பினால், பத்து காஜாவுக்கு அருகே தஞ்சோங் துவாலாங் ஈயக் கப்பலுக்கு (வெள்ளீயம் தோண்டிய மிதக்கும் இயந்திரம்) ஒரு முறை போய் வாருங்கள். 1938இல் கட்டப்பட்டு 1982 வரை ஈயம் தோண்டியது, ஏறத்தாழ 4,500 டன் எடை. பார்வையாளர்களை அனுமதிக்கிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரோரத்தில் நிற்பதால் பின்வாங்கி நிற்க இடமும் உண்டு.

இருட்டறை அண்ணனின் ஒன்பது புகைவீட்டு யோசனை நல்லதுதான், ஆனால் ஒன்பதும் முழுதாகக் கிடைக்க வேண்டுமே. நான் சிறுவயதில் பார்த்தவற்றில் பாதி இன்று வீடமைப்புத் திட்டங்களுக்கு அடியில் இருக்கின்றன.

பழைய ஸ்டோர்க்காரர் எழுதியது:

எனக்குப் படக்கலை தெரியாது. 1971இல் பதினெட்டு வயதில் பால் ஸ்டோரில் (ரப்பர் ஆலையை அப்படித்தான் சொல்வோம்) வேலைக்குச் சேர்ந்தேன், நீங்கள் சொல்லும் பகுதியில்தான், ஆனால் வேறு தோட்டம். நீங்கள் எழுதியதைப் படித்தபோது இரண்டு இடங்களில் நின்றுவிட்டேன், அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா, அது தண்ணீர்த் தொட்டி இல்லை, ரப்பர் பால் உறையும் தொட்டி. வெளிக்காட்டிலிருந்து வந்த பாலை நிறுத்து, வடிகட்டி, தண்ணீர் கலந்து அந்தத் தொட்டியில்தான் ஊற்றுவோம். அளந்து ஆசிட் விட்டுக் கலக்கி, நுரையை வழித்த பிறகு, தொட்டியின் இரு பக்கச் சுவர்களிலும் உள்ள வரிப்பள்ளங்களில் அலுமினியத் தகடுகளை ஒவ்வொன்றாக இறக்குவோம். மறுநாள் காலையில் பால், தகடுகளுக்கு நடுவே ஆடைத் தயிர்போல் பாளம் பாளமாக உறைந்து நிற்கும். சுவர் சிதைந்து கோடுகோடாகக் கிடந்தது என்று எழுதி வெட்டி எறிந்துவிட்டீர்களே, அவை சிதைவு இல்லை. தகடு இறங்கும் பள்ளங்கள் அவை. அந்தப் பள்ளம் இல்லாவிட்டால் அது வெறும் தொட்டிதான். கண்காட்சியில் கேட்டவர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்.

புகைவீட்டின் பின்னால் இருப்பதும் கிணறு இல்லை, அடுப்புக் குழி. பால்மர விறகைத்தான் எரிப்போம். புகையும் சூடும் தரைக்கு அடியில் உள்ள வழியாக உள்ளே போகும், நெருப்பு உள்ளே போகக்கூடாது. அடுப்புக்காரர் இரவில் தூங்கிவிட்டால் ஒன்று தணல் அவிந்துபோகும், இல்லையென்றால் சூடு ஏறிச் சீட்டு, அதாவது ரப்பர் தாள், குமிழி விடும். அந்த வேலையில் இருந்தவரை நாங்கள் மாப்பிள்ளை என்று கேலி செய்வோம், ஏனென்றால் அவருக்கு மட்டும் எங்கே போனாலும் சீட்டின் மணம் கூடவே வரும்.

வேலை நடந்த வரிசையில் நீங்கள் எடுக்கவில்லை என்று நினைக்கிறேன். தொட்டியிலிருந்து பாளம் உருளைக்குப் போகும். முதல் உருளைகள் வழவழப்பானவை, ஒவ்வொன்றாகத் தாண்டப் பாளம் மெலிந்து மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு வரும். கடைசி உருளையில் வரிகள் வெட்டியிருக்கும். அந்த வரி விழுந்தால்தான் சீட்டு சீக்கிரம் காயும், ஒன்றோடொன்று ஒட்டாது. எங்கள் ஸ்டோரில் அந்த உருளையில் தோட்டத்தின் குறியும் இருந்தது. துருவைச் சுரண்டாமல், பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள், உங்கள் உருளையிலும் இருக்கலாம். பிறகு சீட்டுகளைக் கழியில் தொங்கவிட்டுத் தண்ணீர் சொட்டவிட்டு, வண்டியில் ஏற்றித் தண்டவாளத்தின்மேல் புகைவீட்டுக்குள் தள்ளுவோம். நான்கைந்து நாள் உள்ளே இருக்கும். சூடு நாற்பது டிகிரியில் தொடங்கி அறுபது வரை ஏறும். வெள்ளையாகப் போன சீட்டு தேன் நிறத்தில் திரும்பி வரும். புகை பட்ட சீட்டில் பூஞ்சை பிடிக்காது. அப்புறம் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். அந்த வேலையில் பெண்கள்தான் அதிகம், உங்கள் பாட்டியும் அதைச் செய்திருக்கக்கூடும். தரம் பிரிக்கும் மேசை எப்போதும் சன்னலோரத்தில்தான் இருக்கும், அவ்வளவு பெரிய கட்டடத்தில் நல்ல வெளிச்சம் உள்ள இடமே அதுதான். கடைசியில் அழுத்திக் கட்டினால் ஒரு கட்டு 111.11 கிலோ, ஒன்பது கட்டு ஒரு டன்.

1965இல் எஸ்.எம்.ஆர். (ஸ்டாண்டர்டு மலேசியன் ரப்பர்) என்ற முறை வந்தது. சீட்டுக்குப் பதிலாகக் கட்டி ரப்பர், அதற்குப் பெரிய மைய ஆலை. மெல்ல மெல்ல எங்கள் பாலும் லாரியில் ஏறி வெளியே போகத் தொடங்கியது. பிறகு மரத்தையே வெட்டிச் செம்பனை நட்டார்கள். உங்கள் ஸ்டோர் பூட்டியதும் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்.

செம்மண் சாலை எழுதியது:

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இந்த ஞாயிறு காலை ஏழரை மணிக்கே அங்கே போய்விட்டேன். தொட்டியின் இரு சுவர்களிலும் பள்ளங்கள் இருக்கின்றன. ஒரு பக்கத்தில் மட்டும் எண்ணினேன், எழுபதைத் தாண்டியபோது எண்ணிக்கை தவறிவிட்டது. ஒரு மூலையில் வளைந்துபோன தகடு ஒன்று இன்னும் பள்ளத்திலேயே சிக்கி நிற்கிறது. ஆறு மாதமாக அதைக் கடந்து கடந்து போயிருக்கிறேன்.

உருளையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். வரிகள் தெரிகின்றன, குறி எதுவும் தெரியவில்லை. துரு அதிகம்.

சன்னலோர மேசை இல்லை, ஆனால் அது இருந்த இடம் தரையில் தெரிகிறது. நான்கு கால்களின் தடமும், அதன் முன்னால் சிமெண்டு வழவழவென்று தேய்ந்த நீண்ட பட்டையும் இருக்கின்றன. அங்கே நின்று சன்னலைப் பார்த்து ஒரு படம் எடுத்தேன். படத்தில் சன்னலும் தரையும் தவிர வேறொன்றும் இல்லை. நானூறு படத்தில் இது ஒன்றுதான் வேறு எந்த ஊரிலும் எடுத்திருக்க முடியாதது என்று தோன்றுகிறது, ஆனால் பார்ப்பவருக்கு அது தெரியுமா என்பதில்தான் ஐயம். படத்தின் கீழே விளக்கம் எழுதினால் கலைப்படம் பாடப் புத்தகப் படமாகிவிடும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார்.

வரைபலகை எழுதியது:

கட்டட வரைவாளராக வேலை செய்கிறேன், பழைய தோட்டக் கட்டடங்களை அளந்து வரைவது என் பொழுதுபோக்கு. முதலில் வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதை யாரும் தொடவில்லை.

வடக்கு வெளிச்சம் மென்மையானது என்பது ஐரோப்பாவில் எழுதிய புத்தகம். சுங்கை சிப்புட் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 4.8 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் 10 வாக்கு வரை உச்சிவெயில் நமக்கு வடக்கே சாய்ந்திருக்கும், மற்ற மாதங்களில் தெற்கே. ஜூனில் வடக்குச் சுவரில் நிழல் கத்திபோல் விழுந்ததற்குக் காரணம் அதுதான். இப்போது தெற்குச் சுவரை எடுங்கள், டிசம்பரில் வடக்குச் சுவருக்குப் போங்கள். நம் கடிகாரத்தில் உச்சிப்பொழுது ஒன்றேகால் மணியளவில் வரும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். பன்னிரண்டு மணிக்கு வெயில் இன்னும் கிழக்கில்தான் இருக்கிறது.

கறுப்பு வெள்ளை விஷயத்தில் இருட்டறை அண்ணனோடு நான் ஒத்துப்போக மாட்டேன். புகைவீட்டின் கறுப்பு ஒரே கறுப்பு இல்லை. சீட்டு தொங்கிய உயரத்தில் அது பழுப்பு, தரைக்கு அருகே ஈரம் ஏறிய இடத்தில் சாம்பல் பூத்த பச்சை, புகை வரும் துளையைச் சுற்றி எண்ணெய் மினுக்கும் தனிக் கறுப்பு. வெள்ளையாகப் போய்த் தேன் நிறத்தில் திரும்பியது என்று ஐயா எழுதியிருக்கிறார் அல்லவா, அந்தத் தேன் நிறத்தைக் கொடுத்ததே இந்தச் சுவரில் படிந்த புகைதான். கறுப்பு வெள்ளையில் இந்த மூன்றும் ஒரே அடர்த்தியில் போய் ஒட்டிக்கொள்ளும். வெளிப்புறத்தில் கொடியின் பச்சை தொந்தரவு தருகிறது என்பது உண்மை. அதற்கு நிர்வாகத்திடம் கேட்டுக் கொடியைக் கொஞ்சம் விலக்கலாம். கட்டடத்துக்கும் அது நல்லது.

எங்கே நிற்பது என்பதற்கு என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. படமெடுப்பதற்கு முன் கட்டடத்தைக் குறுக்கே வெட்டினால் எப்படி இருக்கும் என்று ஒரு தாளில் கிறுக்கிப் பார்ப்பேன். ஆலைக்கு நான்கு பக்கமும் திறப்பு, பாலின் வாடையும் ஆசிட்டின் காரமும் வெளியேற வேண்டும். புகைவீட்டுக்குச் சன்னலே இல்லை, உச்சியில் மட்டும் மூடித் திறக்கும் காற்றுப்போக்கி, ஏனெனில் அங்கே புகை தங்க வேண்டும். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு கட்டடங்கள் ஒன்றுக்கொன்று நேரெதிராக இருப்பதற்குக் காரணம் இதுதான். அவை இரண்டையும் ஒரே சட்டத்தில், நடுவில் தண்டவாளம் ஓடும்படி எடுத்திருக்கிறீர்களா? தண்டவாளம் புல்லில் மறைந்திருந்தால் கால்களால் தடவிக் கண்டுபிடியுங்கள், பாம்புக்காக ஒரு கழியும் இருக்கட்டும். கூரையில் அலையலையான சாம்பல் நிறத் தகடு இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், உடைந்த துண்டுகளைக் கிளற வேண்டாம்.

விளக்கம் எழுதுவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பெக்கர் இணையர் ஒவ்வொரு படத்துக்கும் அது என்ன வகைக் கட்டடம், எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதினார்கள். யாரும் அதைப் பாடப் புத்தகம் என்று சொல்லவில்லை. "பால் உறையும் தொட்டி, தகடு இறங்கும் பள்ளங்கள்" என்று ஒரு வரி இருந்தால், பார்ப்பவர் மறுபடியும் படத்துக்குள் போய் அந்தப் பள்ளங்களை எண்ணத் தொடங்குவார். "காலத்தின் மௌனம்" என்று தலைப்பு வைத்தால் அடுத்த படத்துக்குப் போய்விடுவார்.

இருட்டறை எழுதியது:

வண்ணம் பற்றி வரைபலகை எழுதியதை உள்ளறைகளுக்கு மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஒரே தொடரில் இரண்டையும் கலந்தால் பார்ப்பவர் தடுமாறுவார் என்பதால், முழுவதும் வண்ணமாகவே போகட்டும்.

ஒன்பது புகைவீடு என்று நான் சொன்னதையும் மாற்றிக்கொள்கிறேன். கிந்தாக்கரை சொன்னதுபோல் அது கிடைக்காமல் போகலாம். ஐயா எழுதிய வரிசையே ஓர் அடுக்குதான்: நிறுக்குமிடம், தொட்டி, வழவழப்பான உருளை, வரி உருளை, சொட்டும் இடம், தண்டவாளம், புகைவீடு, தரம் பிரித்த சன்னல், கட்டு கட்டிய மூலை. எண்ணிப் பார்த்தால் ஒன்பது வருகிறது. ஒவ்வொன்றையும் அங்கே வேலை செய்தவர் நின்ற இடத்தில், அவர் கண்மட்டத்தில் முக்காலியை வைத்து எடுங்கள். உங்கள் பாட்டி எவ்வளவு உயரம் என்று அம்மாவிடம் கேளுங்கள். நானாக இருந்தால் அந்த உயரத்தைத்தான் வைப்பேன்.

செம்மண் சாலை எழுதியது:

அம்மாவிடம் கேட்டேன். நாலடி பத்து அங்குலம் இருப்பார் என்றார், ஸ்டோரில் பலகை போட்டு அதன்மேல் ஏறித்தான் நிற்பார் என்றும் சொன்னார். இது எனக்கு இதுவரை தெரியாது. பலகையின் உயரத்தையும் சேர்த்து முக்காலியை வைக்கப் போகிறேன்.

ஸ்டோர்க்கார ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்கு உடம்பு இடம் கொடுத்தால் ஒரு ஞாயிறு என்னோடு வர முடியுமா? உங்களை உருளைக்குப் பக்கத்தில் நிறுத்தி ஒரு படமும் எடுக்க ஆசை.

பழைய ஸ்டோர்க்காரர் எழுதியது:

வருகிறேன் அம்மா. வீட்டுக்கு வந்து அழைத்துப்போனால் போதும், நான் வண்டி ஓட்டக்கூடாது என்று மகன் நிறுத்திவிட்டான். உருளைக்குப் பக்கத்தில் என்னை நிறுத்திப் படம் எடுக்க வேண்டாம். சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு அங்கே நின்றால், பார்க்க வந்த துரை மாதிரி இருக்கும். எங்கே யார் நின்றார்கள், கை எந்தப் பக்கம் போகும், பாளத்தைக் கொடுப்பவர் எங்கே, வாங்குபவர் எங்கே என்று காட்டுகிறேன், அந்த இடங்களில் உங்கள் முக்காலியை வையுங்கள்.

காலையில் சீக்கிரம் போவோம். அரிக்கன் விளக்கு ஒன்று என்னிடம் இருக்கிறது, கொண்டுவருகிறேன், இரவில் அடுப்பைப் பார்க்கப் போகும்போது அந்த வெளிச்சத்தில்தான் உள்ளே பார்ப்போம். புகைவீட்டின் மூன்றாவது கதவு திறக்கவில்லை என்று யாராவது சொல்லியிருந்தால் உடைத்துவிடாதீர்கள். அந்த மாதிரிக் கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும், எங்கள் தோட்டத்திலும் அப்படித்தான் இருந்தது.